குழி தெரியாத கட்டைவிரல்

தஞ்சாவூர் கரந்தையில் ஒரு வீடு. ஃபைபர் இணைப்போடு வந்த செட்-டாப் பாக்ஸில் கேம்கள் இருந்தன. கன்ட்ரோலர் வாங்க வேண்டாம், போனில் ஒரு ஆப் போதும் என்றார்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் ஆயிற்று. ஆறு வாரம் ஆடியாகிவிட்டது.

கார் பந்தயத்தில் எல்லாருக்கும் குஷிதான். போனை ஸ்டீயரிங் மாதிரி சாய்த்தால் கார் வளைகிறது. தாத்தாகூட இரண்டு ரவுண்டு ஓட்டினார்.

தாவிக் குதிக்கிற கேம் வந்ததும் சாயம் வெளுத்தது. கண்ணாடியில் வரைந்த பட்டனுக்கு மேடு பள்ளம் கிடையாது. ஆட்ட வேகத்தில் கட்டைவிரல் அரை அங்குலம் நகர்ந்துவிடும்; நகர்ந்தது விரலுக்கே தெரியாது. டிவியில் பள்ளம் வருகிறது, பேரன் அழுத்துகிறான், ஆள் குதிக்கவில்லை. குனிந்து போனைப் பார்த்து நிமிர்வதற்குள் ஆட்டம் முடிந்தது. புரட்டாசிப் புழுக்கத்தில் விரல் வேறு வியர்க்கும். அதிர்வை ஆன் செய்தும் பார்த்தார்கள். அழுத்திவிட்டாய் என்று அது சொல்லும்; எங்கே அழுத்துவது என்று சொல்லாது.

அதே கூடத்தில் பாட்டி பல்லாங்குழி ஆடுவார். வாய் ஊர்க்கதை பேசும், கை தன்பாட்டில் குழி குழியாகப் புளியங்கொட்டை போட்டுக்கொண்டே போகும். கண் பார்க்காமலே, தொட்டுத் தொட்டே விரல் இடம் கண்டுகொள்ளும். நிண்டெண்டோவின் கும்பெய் யோகோய் 1982-இல் டாங்கி காங் கைக்கருவிக்கு வைத்த சிலுவை வடிவப் பட்டனும் இந்தச் சூட்சுமம்தான். தொண்ணூறுகளில் நம்மூர்க் கடைகளில் கேசட் போட்டு ஆடிய நகல் 'டிவி கேம்'களில்கூட அது இருந்தது. விலை மலிவுதான், விரல் மட்டும் ஏமாறவில்லை.

பெரிய கம்பெனிகள் போனுக்கு ஏற்ற ஆட்டங்களாகத்தான் பொறுக்குகின்றன. 2017-இல் சோனியின் பிளேலிங்க், நண்பர்களைச் சீண்டும் 'தட்ஸ் யூ' வினாடி வினாவோடு தொடங்கியது. 2025 இறுதியில் நெட்ஃபிளிக்ஸ் டிவிக்குக் கொண்டுவந்தவற்றில் பிக்‌ஷனரியும் பாகிளும் உண்டு. படம் வரையவும் எழுத்துக் கோக்கவும் கண்ணாடியே தோது. கோலம் போட்ட விரலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடிக் குதிக்க வேண்டுமானால் நிஜப் பட்டன்தான். ஜியோ 2022-இல் விற்பனைக்கு விட்ட புளூடூத் கன்ட்ரோலரின் விலை 3,499 ரூபாய். பேரன் இப்போது அந்த மாதிரி ஒன்றுக்குத்தான் அடிபோடுகிறான்.

அவனுக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. போன் தாத்தாவுடையது, குறுவை அறுவடை நேரம். கடைசி லேப்பில் அழைப்பு வந்தது, கார் சுவரில் போய் முட்டியது.

"மிஷின் வந்துடுச்சாம், கொடுடா" என்று கன்ட்ரோலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தாத்தா வயலுக்குக் கிளம்பிவிட்டார்.