பயணக் குறிப்பேடும் கரிசல் மண்ணும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களிலே பயணப் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வழி உறவினரின் ஊருக்குச் செல்வோர் உண்டு. நாகூருக்கும் ஏர்வாடிக்கும் செல்வோர் உண்டு. குற்றாலம், கொடைக்கானல் என்று குளிர்ச்சி தேடிப் போவோரும் உண்டு. சென்று திரும்பிய சில திங்களுக்குள் அப்பயணத்தில் நம்மிடம் எஞ்சுவது யாது? கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள் கிடக்கும். அவற்றை மீண்டும் எடுத்துப் பார்ப்பவர் அரியர். ஆகவேதான், பயணத்தின்போது குறிப்பேடு எழுதி வையுங்கள் என்று பெரியோர் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுகின்றனர்.

அவ்வறிவுரையை நாம் மறுக்க வரவில்லை. ஆயின், எழுதி வைத்தால் மறவாது என்னும் நம்பிக்கை முழு உண்மையன்று. எழுதி வைத்தும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் நாமும் ஒருவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

1981-ஆம் ஆண்டு மே மாதத்தில், கோவில்பட்டியில் ஓர் உறவினர் இல்லத்தில் நான்கு நாள் தங்கிச் சுற்றுப்புற ஊர்களைக் கண்டுவந்தோம். அப்போது எழுதிய குறிப்பேடு இன்றும் நம்மிடம் இருக்கிறது. அதில் உள்ளவற்றைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: எட்டயபுரத்தில் உமறுப்புலவர் அடக்கத்தலத்தில் ஜியாரத் செய்தோம். பாரதியார் மணிமண்டபம் கண்டோம். அது 1945-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1947-இல் திறக்கப்பெற்றது. கயத்தாற்றில், 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தைப் பார்த்தோம். கழுகுமலையில் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் கண்டு வியந்தோம்.

இதிலே பிழையொன்றும் இல்லை. ஆண்டுகள் சரியாக இருக்கின்றன. பெயர்கள் சரியாக இருக்கின்றன. ஆயினும், இவற்றுள் ஒன்றையேனும் அறிந்துகொள்ள நாம் கோவில்பட்டிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருந்தபடியே ஒரு நூலைப் புரட்டி எழுதியிருக்கலாம். "வியந்தோம்" என்று எழுதிய கை, எதை வியந்தது என்று எழுத மறந்தது.

அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. அந்தப் பயணத்தில் நம் தாயாரும் உடன் வந்தார்கள். தாமிரவருணிக் கரையிலே பிறந்து, வயலையும் வாய்க்காலையும் அன்றி வேறு நிலம் அறியாதவர்கள். எட்டயபுரம் செல்லும் வழியில் பேருந்து பழுதாகி நின்றபோது, இறங்கி, வெடித்துக் கிடந்த கரிசலில் ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்து ஏதோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம். சிரித்தது நினைவிருக்கிறது, சொன்னது நினைவில்லை. அடுத்த ஆண்டே அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். குறிப்பேட்டில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கட்டபொம்மன் மாண்ட நாள் இருக்கிறது; அதை எந்தப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். நம் தாயார் சொன்ன சொல்லை இனி எவர் சொல்வார்?

இக்குறையை வைத்துக்கொண்டு பயண இலக்கியத்தைத் திரும்பிப் பார்த்தால் சில செய்திகள் தெளிவாகின்றன. திருமறை, பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைப் பார்க்குமாறு பல இடங்களில் மனிதரை அழைக்கிறது. அந்தப் 'பார்த்தலை' ஒரு கலையாக்கியவர்கள் அரபு மொழிப் பயண நூலாசிரியர்கள். அவர்களுள் இருவரை இங்கே ஒப்புநோக்குவோம்.

ஸ்பெயின் நாட்டுக் கிரானடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், 1183-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கப்பலில் இருந்தபடியே எழுதத் தொடங்கினார். 1185-இல் ஊர் திரும்பும் வரை பிறைக் கணக்கின்படி மாதம் மாதமாகத் தம் குறிப்பை வளர்த்துச் சென்றார். அலெக்ஸாந்திரியாத் துறைமுகத்தில் சுங்க அலுவலர் ஹாஜிகளைச் சோதனையிட்டு அலைக்கழித்ததைச் சினத்தோடு எழுதினார். செங்கடலைக் கடக்கும் படகுகளில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய பேராசையைக் கண்டித்தார். மெசினாவுக்கு அருகே கப்பல் உடைந்து உயிர் பிழைத்ததையும் எழுதினார். பட்ட துன்பம் ஆறுமுன் எழுதப்பட்டமையால் அச்சினம் இன்றும் சூடாக இருக்கிறது.

இப்னு பதூதா அவருக்குப் பின் வந்தவர். 1325-இல் தாஞ்சியர் நகரை விட்டுப் புறப்பட்டு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உலகைச் சுற்றியவர். நம் கரிசல் காட்டுக்கு வடக்கே, சுல்தான்கள் ஆண்ட மதுரைக்கும் வந்தவர். அங்கே கொள்ளைநோயால் மக்கள் மடிந்ததைக் கண்டு சொன்னவர். ஆனால் மேலைக் கடற்கரையில் கொள்ளையர் அவருடைய உடைமைகளைப் பறித்துக்கொண்டனர். புகாராவின் கல்லறைகளிலிருந்து படியெடுத்து வைத்திருந்த வாசகங்களும் அக்கொள்ளையில் போயின என்று அவரே வருந்துகிறார். நாடு திரும்பிய பின், தம் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்பார் எழுதி, 1355-இல் நூல் நிறைவுற்றது. அந்நூலில் மக்கா, மதீனா, திமஷ்கு ஆகிய நகரங்களைப் பற்றிய வருணனைகளுட் பல, இப்னு ஜுபைர் எழுதியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை என ஆய்வாளர் காட்டியுள்ளனர். உலகத்தையே சுற்றியவர் நூலில், இரண்டே ஆண்டு சுற்றியவரின் ஏடு கைகொடுக்கிறது! அன்றன்று எழுதுவதன் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி எட்டயபுரத்துக்கே திரும்புவோம். சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் வாழ்ந்ததும் அடங்கியிருப்பதும் அவ்வூரிலேதான். தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரைக் காப்பியத்துள்ளேயே பாடிச் சிறப்பித்தவர் அவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகத்தின் பொருட்டுச் சிரியா நாட்டுக்குச் சென்ற பயணத்தையும் பாடினார். அவருடைய அரபு நாட்டிலே மழை பொழிகிறது, ஆறு பெருக்கெடுக்கிறது, வயலில் நெல் விளைகிறது. அது அவர் கண்டிராத அரபுப் பாலையுமன்று. நாள்தோறும் கண்ட கரிசல் காடுமன்று. தமிழ்க் காப்பியம் நாட்டை வருணிக்க வகுத்துக்கொண்ட மருத நிலம் அது.

இதைக் குறையென்று கூறுவார் இலக்கண மரபு அறியாதார். அந்நிய மண்ணில் நிகழ்ந்த வரலாற்றைத் தமிழர் உள்ளத்துக்கு உரியதாக்கப் புலவர் கையாண்ட வழி அது. காப்பியத்துக்கு அவ்வுரிமை உண்டு. நம் வினா வேறு. காப்பியத்துக்குரிய உரிமையைக் குறிப்பேடும் எடுத்துக்கொள்ளலாமோ? எடுத்துக்கொள்கிறதே! பத்திரிகைகளில் வரும் பயணக் கட்டுரைகளைப் பாருங்கள். எந்த மலைக்குப் போனாலும் அது இயற்கை எழில் கொஞ்சுகிறது. எந்த அருவியும் வெள்ளியை உருக்கி வார்க்கிறது. போகுமுன்பே எழுதி முடித்த சொற்கள் இவை. கரிசல் காட்டுக்கு வந்தால் இச்சொற்களுக்கு வேலை இல்லை. உடனே, வறண்ட பூமி, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1981-இல் நாமும் அப்படித்தான் நகர்ந்தோம்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அந்த மண்ணுக்குத்தான், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் வாழ்ந்த கி. ராஜநாராயணன், 1982-இல் ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதியே வெளியிட்டார். மண்ணையும் மழையையும் பயிரையும் பண்டத்தையும் குறிக்க அம்மக்கள் வழங்கும் சொற்கள் ஓர் அகராதி அளவுக்கு இருந்தன. ஆக, வறுமை நிலத்தில் இல்லை. கடந்து போகிறவன் கண்ணில் இருக்கிறது. உலகெங்கும் பயணம் செய்த ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' படித்தவர்கள் இதையே வேறு வகையில் உணர்வார்கள். தம்மைப் பெரிதாக்கிக் கொள்ளாமல், சிறு சிறு வாக்கியங்களில், சந்தித்த மனிதரின் நடத்தையைச் சொல்லிச் செல்வதே அவர் உரைநடைக்கு உயிர்.

சென்ற ஆண்டு விடுமுறையில் நம் பேத்தி, பன்னிரண்டு வயதினள், பெற்றோருடன் அதே கோவில்பட்டிக்குப் போய்வந்தாள். அவளும் ஒரு குறிப்பேடு எழுதினாள். திறனாய்வு செய்வோனுக்குரிய நடுநிலையோடு அதைப் படித்தோம். குறைகள் நிறைய. தேதி இல்லை. எட்டயபுரம் கோவில்பட்டிக்கு மேற்கே என்று எழுதியிருக்கிறாள். கிழக்கே என்பதே சரி. சன்னல் ஓர இருக்கைக்காகத் தம்பியோடு போட்ட சண்டை அரைப் பக்கத்தை அடைத்திருக்கிறது.

ஆனால் இவையும் அதில் இருக்கின்றன: கரிசல் வெடிப்பில் அவள் கால் பெருவிரல் முழுதும் நுழைந்தது. கடலைமிட்டாய் செய்யும் இடத்தில் பாகு பதம் வந்ததா என்றறிய ஒருவர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். அது உருண்டு நின்றதும் தலையை அசைத்தார். பேருந்தில் அருகிருந்த மூதாட்டி, "மழ பேஞ்சா இந்த மண்ணு செருப்பப் பிடுங்கிக்கிடும், பாப்பா" என்றார். உமறுப்புலவர் அடக்கத்தலத்தில் அவள் தந்தை பாத்திஹா ஓதும்போது குரல் தழுதழுத்தது. ஏன் என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

இந்தக் கடைசி வரியை நாம் மும்முறை படித்தோம். அவள் தந்தை நம் மகன். நம் தாயார் மறைந்தபோது அவன் சிறு பையன். 1981-இல் அவர்கள் மடியில் அமர்ந்து அதே ஊருக்கு வந்தவன். அவன் குரல் தழுதழுத்த காரணம் பேத்திக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாததாகவே எழுதிவிட்டாள். நாளை அவள் தெரிந்துகொள்ளும்போது அந்த வரி அவளுக்காகக் காத்திருக்கும்.

பிழையற்ற நம் ஏடு பேசாமல் கிடக்கிறது. பிழையுள்ள அவள் ஏடு பேசுகிறது. அதற்காகப் பிழை நல்லது என்று நாம் கூறவில்லை. இப்னு ஜுபைரின் ஏட்டில் நாளும் உண்டு, திசையும் உண்டு, சினமும் உண்டு. பிள்ளைகளின் ஏட்டில் திசையைத் திருத்துங்கள். தேதி இடச் சொல்லுங்கள். தம்பியோடு போட்ட சண்டையை மட்டும் அடித்துவிடாதீர்கள். இருபதாண்டு கழித்து அவ்விருவரும் சேர்ந்து படிக்கப் போவது அந்த அரைப் பக்கத்தையே ஆகும்.

பெற்றோர்க்கு நாம் கூற விழைவது இதுவே. குறிப்பை அன்றிரவே எழுதச் செய்யுங்கள். ஊரின் வரலாற்றை நூலகம் காத்துக்கொள்ளும். கொடுத்த விலை, உண்ட உணவு, செவியில் விழுந்த பேச்சு, உடன் வந்தோர் களைத்ததும் சிரித்ததும் ஆகியவற்றை நாமன்றி வேறெவரும் காக்க மாட்டார். பேச்சைத் திருத்தாமல், பேசியபடியே எழுதச் சொல்லுங்கள். வீட்டு முதியோர் உடன் வந்தால், அவர்கள் சொன்னது ஒன்றேனும் ஏட்டில் ஏறாமல் உறங்கச் செல்ல வேண்டாம்.

பேத்தியின் ஏட்டை மூடிவைத்த பின், நம்முடைய பழைய ஏட்டை எடுத்தோம். கழுகுமலைக் குறிப்பின் கீழே சிறிது வெற்றிடம் இருந்தது. அதில் இவ்வாறு எழுதி, இன்றைய தேதியை இட்டோம்: "உம்மாவும் உடன் வந்தார்கள். கரிசல் கட்டியைக் கையில் ஏந்தி ஏதோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம்."