நரைக்கத் தெரியாத போக்கிரிகள்

‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973இல் வெளியானபோது எம்.ஜி.ஆருக்கு வயது 56. தலைப்பிலேயே ‘வாலிபன்’ என்று போட்டுக்கொள்ளத் தேவைப்பட்ட அந்த வயதைப் பற்றி நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை. அவருடைய வள்ளல் பிம்பம், கட்சி, ஏழைகளுக்கும் அவருக்குமான உறவு பற்றியெல்லாம் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூல் தொடங்கி நிறைய விவாதம் நடந்திருக்கிறது. ஆனால் வயசு? அது ஒப்பனைக்காரர் சமாச்சாரம், விமர்சகனுக்கு அதில் வேலையில்லை என்று ஒதுக்கிவிட்டோம். இங்கு நான் பேச விரும்புவது குறிப்பாக ஒரு வகை நாயகனின் வயசைப் பற்றி. சட்டத்துக்கு வெளியே நிற்பவன், ஏமாற்றுவதில் கெட்டிக்காரன், எத்தன், போக்கிரி. அவன் கிழவனானால் என்ன ஆவான்?

இந்தக் கேள்வி மரக்காணத்தில், ஒரு மழைக்காலத்தில் வந்தது. ஐப்பசி பிறந்துவிட்டால் உப்பளப் பாத்திகள் எல்லாம் மழைத்தண்ணீருக்குள் போய்விடும், வேலை கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் பாத்தியில் உப்பு வாரிய என் பெரியப்பா, அந்த நாட்களில் மடிக்கணினியில் எதைப் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பார். ஒரே வாரத்தில் இரண்டு படங்கள் பார்த்தோம். ஒன்று, சௌந்தர்யா இயக்கி ரஜினிகாந்த் தோன்றிய ‘கோச்சடையான்’ (2014). இன்னொன்று, ஹயாவோ மியாசாகி இயக்கிய முதல் முழுநீளப் படமான ‘காலியோஸ்ட்ரோவின் கோட்டை’ (1979). நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து கணினியில் வார்த்தது முதலாவது. கையால் வரைந்தது இரண்டாவது.

இரண்டையும் சேர்த்துப் பேசுவதற்கு ஒரு நியாயம் உண்டு. நடிகனின் உடம்பை நேரடியாகப் படமெடுக்கும் கேமரா, எவ்வளவு மறைத்தாலும் அவன் வயதைக் கொஞ்சமாவது காட்டிக்கொடுத்துவிடும். வரையப்பட்ட உடம்புக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அங்கே ஒருவனுக்கு வயசாகிறது என்றால் யாரோ அப்படித் தீர்மானித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆகவில்லை என்றாலும் அப்படியே. அந்தத் தீர்மானத்துக்குள் ஒரு சமூகம் முதுமையையும் கலகத்தையும் பற்றி என்ன நினைக்கிறது என்பது படிந்து கிடக்கிறது.

மூன்றாம் லூபின் என்கிற திருடன் 1967இல் மங்கி பன்ச் என்ற புனைபெயரில் எழுதியவரின் சித்திரக்கதையில் பிறந்தவன். பிரெஞ்சு எழுத்தாளர் மோரிஸ் லெப்லாங் 1905இல் படைத்த ஆர்சேன் லூபினின் பேரன் என்று சொல்லிக்கொள்கிறவன். மூலச் சித்திரக்கதையில் அவன் பெண்பித்தன், இரக்கம் பார்க்காதவன். மியாசாகி இந்த ஆளை எடுத்து, அவனுடைய நல்ல காலம் முடிந்துபோன ஒரு நாளில் கொண்டுவந்து நிறுத்துகிறார். படம் தொடங்கும்போது அவனும் கூட்டாளியும் ஒரு சூதாட்ட மாளிகையைக் கொள்ளையடித்துக்கொண்டு சின்னஞ்சிறு காரில் ஓடுகிறார்கள். கார் முழுக்கப் பணம். ஒரு நோட்டைத் தூக்கிப் பார்த்ததும் லூபினுக்குத் தெரிந்துவிடுகிறது, அவ்வளவும் கள்ளநோட்டு. அப்படியே ஜன்னல் வழியாக அள்ளி வீசிவிடுகிறான்.

அந்த நோட்டை அவனுக்கு எப்படித் தெரியும்? பத்து வருஷத்துக்கு மேல் முன்பு, முறுக்கான இளம் திருடனாக, அந்தக் கள்ளநோட்டின் ரகசியத்தைத் திருடப் போய் அடிபட்டு, ரத்தம் ஒழுக விழுந்து கிடந்தவன் அவன். ஒரு சின்னப் பெண் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினாள். இப்போது அவளை ஒரு பிரபு கட்டாயமாகக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். லூபினின் சாகசம் ஒரு பழைய தோல்விக்குத் திரும்பிப் போவதுதான். போக்கிரியின் முதுமைக்கு மியாசாகி கொடுக்கும் முதல் இலக்கணம் இது: வயசானவன் என்பவன் தோற்ற இடம் எது என்று ஞாபகம் வைத்திருப்பவன். இதிலும் குண்டு படுகிறது. படுக்கையில் கிடந்து கண்டதையெல்லாம் வாரி விழுங்கி உடம்பைத் தேற்றப் பார்க்கிறான், தொண்டையில் அடைத்துக்கொள்கிறது. பெரியப்பா அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் க்ளாரிஸ், தானும் கூட வருவதாக, திருடக் கற்றுக்கொள்வதாகச் சொல்லி அவன்மேல் சாய்கிறாள். லூபினின் கைகள் அவளைச் சுற்றி எழுந்து, நடுங்கி, அணைக்காமல் இறங்கிவிடுகின்றன. நெற்றியில் ஒரு முத்தம். அவ்வளவுதான். “பார்ரா, கைய எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியாம நிக்கிறான்” என்றார் பெரியப்பா. நான் படித்த எந்தக் கோட்பாட்டுப் புத்தகமும் அந்தக் கைகளை அவ்வளவு சரியாகப் பார்த்திருக்க முடியாது.

க்ளாரிஸ் அவனை ஜப்பானிய மொழியில் வயது மூத்த ஆணை மரியாதையோடு விளிக்கும் சொல்லால் அழைக்கிறாள். தமிழில் பெயர்த்தால் தகராறு. ‘மாமா’ என்றால் கட்டிக்கொள்ளும் முறை, ‘சித்தப்பா’ என்றால் மகள் முறை. நம் உறவுச்சொற்களில் அந்த நடுக்கத்துக்கு இடமே இல்லை. லூபின் நிற்பது இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில். ஆசை போய்விடவில்லை. எடுத்துக்கொள்ளும் உரிமை தனக்கில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

இதை உடனே கொண்டாடிவிடக் கூடாது. பெண்ணிய வாசிப்பு இங்கே நியாயமாகக் குறுக்கிடும். அந்தப் பெண் என்ன ஆகவேண்டும் என்பதைக் கடைசியில் ஒரு ஆண்தானே முடிவு செய்கிறான்? காதலன் வேஷத்தைக் கழற்றிவிட்டுத் தகப்பன் வேஷத்தைக் கட்டிக்கொள்வது அதிகாரத்தைக் கைவிடுவதாகுமா? ஆகாதுதான். படத்துக்கும் இது லேசாகத் தெரிந்திருக்கிறது போல. யாரிடமும் அனுமதி கேட்காமல் கள்ளநோட்டு அச்சுத் தகடுகளைத் தூக்கிக்கொண்டு போகிறவள் ஃபுஜிகோ என்கிற இன்னொரு திருடி. ஆண் போக்கிரி ஓய்ந்த இடத்தில் பெண் போக்கிரி திருந்தாமல் தொடர்கிறாள். ஜப்பானிய வணிக உலகமும் அப்படியொன்றும் முதுமையை மதித்துவிடவில்லை. லூபினுக்குக் குரல் கொடுத்த யமாடா யாசுவோ 1995இல் இறந்ததும், அவரைப் போலவே பேசிக்காட்டிப் பேரெடுத்திருந்த குரிட்டா கனிச்சியைக் கொண்டு தொடரை நடத்தினார்கள். தொடரில் லூபினுக்கு வயசாவதில்லை. இந்த ஒரு படத்தில்தான் அவன் கை நடுங்கியது.

சரி, நம் போக்கிரிகளுக்கு வருவோம். கதைப்பாடல் மரபில் அவர்கள் ஏராளம். காத்தவராயன் மாயம் செய்து ஆரியமாலையைத் தூக்குகிறான், கழுவில் ஏற்றப்படுகிறான். மதுரைவீரன் பொம்மியைக் கொண்டுபோகிறான், கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். இவர்களுக்கு ஏன் நரைக்கவில்லை? நரைக்கும்வரை சாதி விட்டுவைக்கவில்லை. நம் மரபில் போக்கிரி அடையும் அதிகபட்ச முதுமை கழுமரம். அதற்குப் பிறகு சாமியாகிவிடுகிறான், சாமிக்கு வயசு கிடையாது. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரைவீர’னிலும் வீரன் சாகிறான். ஆனால் அறுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு அவருடைய நாயகர்கள் சாவது அரிதாகிவிட்டது. செத்துச் சாமியாகும் வேலையைச் சினிமா மிச்சப்படுத்தி, உயிரோடேயே நித்திய வாலிபனாக்கிவிட்டது.

‘கோச்சடையான்’ இந்த இரண்டையும் ஒரே படத்தில் செய்து காட்டுகிறது. தகப்பன் கோச்சடையான் நேர்மையானவன், ராஜத் துரோகி என்று மரண தண்டனை பெறுகிறான். மகன் ராணாதான் எத்தன். எதிரி நாட்டுப் படையில் சேர்ந்து, நம்பிக்கை சம்பாதித்து, தளபதியாகி, அடிமைப்பட்டுக் கிடக்கும் தன் நாட்டு வீரர்களை எதிரியின் கையாலேயே விடுவிக்க வைக்கிறான். நல்ல போக்கிரித்தனம்தான். ‘தில்லு முல்லு’ (1981) படத்தில் ஒரு மீசையை வைத்துக்கொண்டு முதலாளியை ஏமாற்றிய அதே ரஜினியின் தொடர்ச்சி. ஆனால் படம் வெளியானபோது ரஜினிக்கு 63 வயது. அந்த 63 வருஷத்தில் அவர் உடம்பு அறிந்த எதுவும் ராணாவின் முகத்தில் இல்லை. சாவு தகப்பனுக்கு, தந்திரம் மகனுக்கு. நடுவில் இருக்கவேண்டிய முதுமை காணாமற்போய்விட்டது. “தலைவரு மாதிரியே இருக்குது” என்றார் பெரியப்பா. கொஞ்சம் கழித்து, “மாதிரிதான் இருக்குது” என்றார். லூபினாக இருந்தால் ஜன்னல் வழியாக வீசியிருப்பான். அந்த இளமை கள்ளநோட்டு.

அதே படத்தில் இன்னொரு கொடுமையும் உண்டு. 2009இல் இறந்துபோன நாகேஷை, வேறொருவர் உடலசைவிலும் வேறொரு குரலிலும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1994இல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் உயிரோடிருந்த நாகேஷ் பிணமாக நடித்தார், அது அபாரமான நடிப்பு. 20 வருஷம் கழித்து, இறந்த நாகேஷை உயிருள்ளவராக நடிக்கவைத்தார்கள். முன்னதில் நடிகன் சாவைக் கேலி செய்தான். பின்னதில் சந்தை நடிகனின் சாவையே செல்லாததாக்கிவிட்டது.

இதற்கு நம் தோழர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்றிருக்கிறது. உழைப்பவனுக்கு நாற்பதிலேயே கிழடு தட்டிவிடுகிறது, அவன் திரையில் நரைக்காத உடம்பைப் பார்த்து மயங்குகிறான், இது பொய்ப் பிரக்ஞை. முதல் பாதி உண்மை. உப்புப் பாத்தியின் வெள்ளை, வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கண் போகும், பாதம் வெடிக்கும். மழை மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு கொண்டுவரவே 2022 ஆகவேண்டியிருந்தது. ஆனால் பெரியப்பா மயங்கவில்லையே. மாதிரிக்கும் அசலுக்கும் வித்தியாசம் கண்டார். நரைக்காத ரஜினியை அவர் ரசித்த வருஷங்களும் உண்டு. அது ஏமாந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தன் உடம்பைத் தின்ற முதலாளிக்கு, தின்னமுடியாத ஒரு உடம்பைக் காட்டிப் பழிப்புக் காட்டியது. அந்தப் பழிப்பைத்தான் சினிமா எடுத்து அரியணைமேல் உட்காரவைத்துவிட்டது.

பா. ரஞ்சித்தின் ‘கபாலி’ (2016) இதைக் கொஞ்சம் உடைத்தது. நரைத்த தாடியோடு 25 வருஷச் சிறையிலிருந்து வெளியே வரும் போக்கிரி, மனைவியைத் தேடிப் புதுச்சேரிக்கு வருகிறான். சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் வந்திருந்தால் எங்கள் உப்புக் குவியல்களைத் தாண்டித்தான் போயிருப்பான். அந்தப் பகுதியில் ரஜினியின் முகத்தில் லூபினின் நடுக்கம் இருந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு துப்பாக்கி வந்துவிட்டது. ‘ஜெயிலர்’ (2023) வரும்போது நரை முழுசாக அனுமதிக்கப்பட்டுவிட்டது, ஆனால் போக்கிரி ஓய்வுபெற்ற சிறை அதிகாரியாகிவிட்டான். நரை வேண்டுமானால் கலகத்தை ஒப்படைத்துவிடு என்பதுதான் பேரம்.

அப்படியானால் தமிழில் கிழட்டுப் போக்கிரியே கிடையாதா? இருக்கிறான். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் அவன்தான். எத்தன், கோமாளி, முட்டாள் இந்த மூவரும் எந்த நிலையோடும் ஒட்டாதவர்கள், அதனாலேயே எல்லா நிலையின் பொய்யும் அவர்களுக்குத் தெரியும் என்றார் பக்தின். கட்டியங்காரன் ராஜாவுக்குப் பக்கத்திலேயே நின்று ராஜாவைக் கிண்டலடிப்பான். அவனுக்கு மூச்சு வாங்கினால் அதையும் வசனமாக்கிவிடுவான். பல்லுப் போனால் அதுவும் வேடிக்கை. சினிமா கூத்திலிருந்து ராஜாவை எடுத்துக்கொண்டது, போக்கிரித்தனத்தையும் அவனிடமே கொடுத்தது. முதுமையை மட்டும் நாகேஷ் போன்றவர்களிடம் தள்ளிவிட்டது. அவர்களையும் சாகவிடவில்லை.

நம் எழுத்திலும் கிழவர்கள் பெரும்பாலும் ஞானிகளாகவோ பாவப்பட்டவர்களாகவோதான் வருகிறார்கள். திருட ஆசையுள்ள, கை நடுங்குகிற, எதை எடுக்கக்கூடாது என்று தோற்றுத் தெரிந்துகொண்ட ஒரு கிழவன் இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்றே எனக்குப் படுகிறது. படம் முடிந்ததும் பெரியப்பா கேட்டது இதைத்தான்: “அவன் அப்பறம் எங்கடா போனான்?” போலீஸ் துரத்த ஓடுகிறான் என்றேன். “அந்த வயசுலயா?” என்றார், ரொம்பத் திருப்தியோடு.