மொன்றியலின் வரவேற்பு வகுப்பு: பரிவும் பாரபட்சமும்

1980களில் மொன்றியலுக்கு அகதிகளாக வந்த ஈழத்தமிழர் பலரின் பிள்ளைகள் கனடாவில் முதலில் படித்தது ‘வரவேற்பு வகுப்பில்’தான். பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்காக 1969இல் தொடங்கிய ஏற்பாடு இது. கியூபெக் மாகாணத்தில் 1977இல் வந்த 101ஆம் சட்டம், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலையில்தான் படிக்கவேண்டும் என்று பொதுவிதி வகுத்தபின், இந்த வகுப்பின் தேவை பன்மடங்கானது.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மாணவர் தொகை குறைவு, இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சைக் கற்பிக்கும் தனி ஆசிரியர், செலவு அரசினுடையது. ஒரு சொல்லும் விளங்காமல் வழமையான வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையின் நிலையை நினைத்தால், இது பெரிய உதவிதான். தனியார் வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு வேறு வழியுமில்லை.

குறை, பிள்ளை அங்கிருந்து வெளியேறும் கட்டத்தில் வருகிறது. வழமையான வகுப்புக்குப் போவதா, இன்னும் சில காலம் இருப்பதா, சிறப்புத் தேவையுள்ளோர் பிரிவுக்கு மாறுவதா என்பதில் ஆசிரியரின் மதிப்பீட்டுக்குப் பெரும் பங்குண்டு. மொழி போதாமையைக் கற்றல் குறைபாடாக எண்ணிவிடும் ஆபத்து அங்கேதான். கியூபெக் மனித உரிமை ஆணைக்குழு இனப் பாகுபாடு பற்றி 2011இல் வெளியிட்ட அறிக்கை, காவல்துறையோடு பாடசாலைகளையும் ஆராய்ந்தது. சிறப்புத் தேவை வகைப்பாட்டையும் ஒழுங்கு நடவடிக்கைகளையும் கேள்விக்கு உட்படுத்தியது.

போரால் படிப்பு இடைநின்ற பிள்ளைக்குக் கூடுதல் காலம் வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நல்லெண்ணம் மட்டும் பாரபட்சத்தைத் தடுத்துவிடாது. அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஆணைக்குழு தென்மேற்கு மாநில வகுப்பறைகளை நேரில் கவனித்து 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் மெக்சிக்க அமெரிக்கப் பிள்ளைகளைவிட வெள்ளையினப் பிள்ளைகளை 36 விழுக்காடு அதிகமாகப் பாராட்டி ஊக்கப்படுத்தியது தெரியவந்தது. யாரையும் திட்டாமலே ஒரு பிள்ளையைப் பின்தள்ள முடியும்; அதை ஆசிரியரே உணராமலும் இருக்கலாம். எண்ணிப் பார்த்ததால்தான் அது வெளிப்பட்டது.

ரொறன்ரோவும் எண்ணிப் பார்த்தது. அங்குள்ள கல்விச்சபை 2006 முதல் மாணவரின் இனவழித் தரவைத் திரட்டியது. பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் பிரிவில் வெள்ளையின மாணவரில் 81 விழுக்காட்டினரும் கறுப்பின மாணவரில் 53 விழுக்காட்டினரும் இருந்தனர் என்று 2017இல் வெளியான அறிக்கை அத்தரவைக் கொண்டே காட்டியது. ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணம் 2021இல் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்திலும் அடுத்த ஆண்டு மற்றப் பாடங்களிலும் இந்தத் தரம்பிரிப்பைக் கைவிட்டது.

ஆகவே வரவேற்பு வகுப்பு தொடரவேண்டும். முடிவெடுக்கும் முறைதான் மாறவேண்டும். தாய்மொழியில் சோதிக்காமல் எந்தப் பிள்ளைக்கும் குறைபாட்டு முத்திரை குத்தலாகாது. மொழிபெயர்ப்பாளரோடு பெற்றோரையும் இருத்திப் பேசவேண்டும். எந்தப் பின்னணிப் பிள்ளைகள் எந்தப் பிரிவுக்குப் போகிறார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். கியூபெக்கில் அமைப்புசார் இனவாதம் இல்லை என்று 2020இல் முதல்வர் பிரான்சுவா லெகோ வாதிட்டார். இல்லை என்பதையும் எண்ணித்தான் நிறுவவேண்டும்.