‘இயற்கைத் துறைமுகம்’: ஓர் அடைமொழியின் பொருள் எல்லை

திருகோணமலையைப் பற்றி எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தொடருடன் தொடங்குகின்றன: “உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று.” பள்ளிப் பருவத்திலேயே மனனமாகிவிடும் இத்தொடரில் உள்ள அடைமொழி யாது கூறுகிறது, யாது மறைக்கிறது என நாம் வினவுவதில்லை. ‘நேச்சுரல்’ என்னும் ஆங்கிலப் பெயரடைக்கு நேராக நிறுத்தப்பட்ட சொல்லே இங்குள்ள ‘இயற்கை’. அப்பெயரடையின் பல பொருள்களும் ஒரு தமிழ்ச் சொல்லின்மீது ஏற்றப்பட்டதனால் நேர்ந்த மயக்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘நேச்சுரல்’ பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். அதன் பொருளை அறிய, ஒவ்வோர் இடத்திலும் அதற்கு எதிராக நிற்பது யாது என நோக்குதலே எளிய வழி. துறைமுகத்துக்கு அடையாகும்போது எதிராக நிற்பது செயற்கை. மரணத்துக்கு அடையாகும்போது கொலையும் விபத்தும். நடிப்புக்கு அடையாகும்போது பாசாங்கு. உலக விதிகளுக்கு அடையாகும்போது தெய்விக அற்புதம். பிள்ளைக்கு அடையாகும்போது அது வளர்ப்புப் பிள்ளைக்கு எதிரான பெற்ற பிள்ளையைக் குறிக்கும். பழைய ஆங்கில வழக்கில் மணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளையையும் குறிக்கும். வினையடையாகிய நிலையிலோ, ‘வேறு எவ்வாறு நடக்கும்?’ என்னும் கருத்தைத் தரும். ‘மனிதர் செய்யாதது’ என்ற பொருளும் ‘இப்படித்தான் இருந்தாக வேண்டும்’ என்ற பொருளும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழ் வழக்கு இப்பொருள்களைப் பல சொற்களுக்குப் பகிர்ந்தளித்திருந்தது. பிறவிக் குணம் என்கிறோம்; பெற்ற பிள்ளை என்கிறோம்; இயல்பான நடிப்பு என்கிறோம்; தானாய் முளைத்த மரம் என்கிறோம். கலைச்சொல்லாக்கம் வந்தபின் இயற்கை நீதி, இயற்கை மடக்கை, இயற்கை வாயு, இயற்கை அனர்த்தம் என ஒரே அடைமொழி எங்கும் பரவிற்று. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் நெறி மாணவர்க்கு வசதியானது. அதனைக் குற்றமென்று தள்ளுதற்கில்லை. ஆயின் ஒரு துறைக்குள் வரையறுத்த பொருள் அத்துறையைக் கடந்து நழுவுமிடத்து இடர் பிறக்கிறது.

இவ்விடரைத் தெளிவிக்க நமது இலக்கணமே துணைசெய்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், இயற்கைப் பொருளை இத்தன்மைத்து என்று சொல்லவும், செயற்கைப் பொருளை ஆக்கச்சொல் கொடுத்துச் சொல்லவும் விதிக்கிறது. அவ்வாக்கம் காரணத்தை முன்னிட்டு வரும் என்றும் கூறுகிறது. கன்னியாவின் ஊற்று நீர் வெம்மையானது என்பது இயற்கை. அங்கே நீர் ஏழு கிணறுகளில் தேங்கலாயிற்று என்றால், கட்டியவர் கை அதற்குக் காரணமாய் நிற்கிறது. வழக்கினுள் காரணம் கூறாதும் ஆக்கச்சொல் வரலாம் என்று தொல்காப்பியர் நெகிழ்வு தருகிறார். பேச்சுவழக்குக்கு உரிய அந்நெகிழ்வை வரலாறு எழுதுவோர் எடுத்துக்கொள்ளலாகாது.

இவ்விதியைத் துறைமுகத்தோடு பொருத்திப் பார்ப்போம். கொட்டியாரக் குடா ஆழமானது. உள்துறை மேட்டுநிலங்களால் சூழப்பட்டது. இவை இயற்கை. ‘திருகோணமலை முக்கியமானது’ என்பதோ அவ்வகைக் கூற்றன்று. முக்கியமாயிற்று என்றே கூறவேண்டும், காரணத்தோடு. வடகீழ்ப் பருவக்காற்று வீசுங் காலத்தில் சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பற் படைகள் பாதுகாப்பாக ஒதுங்கத் துறையில்லை; இந்தியக் கடலில் ஆதிக்கத்துக்குப் போட்டியிட்ட ஐரோப்பியருக்கு ஆகவே இக்குடா தேவைப்பட்டது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர்; அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன. 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டில் மட்டும் அது முதலில் ஆங்கிலேயரிடமும் பின்னர் பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறிற்று. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். இரு உலகப் போர்களுக்கும் இடையில் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. 1957இல் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலும் இத்துறைமுகத்தின் பெயர் இடம்பெற்றது. இவற்றுள் எதுவும் பாறையிலிருந்து தானே பிறந்ததன்று.

கொழும்பு இதற்கு மறுதலையான சான்று. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு மனிதர் ஆக்கிய துறைமுகமே இலங்கையின் வணிகத்தை ஈர்த்துக்கொண்டது. ஆழம் மட்டுமே பெருமைக்குப் போதுமாயின் இது நிகழ்ந்திராது.

‘இயற்கை அனர்த்தம்’ என்னுந் தொடரும் இவ்வாறே. 2004 டிசம்பர் 26இல் திருகோணமலைக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை இயற்கையே. ஆயின் இந்து சமுத்திரத்துக்கு அன்று ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இல்லாதிருந்தது இயற்கையன்று. அடைமொழி இரண்டையும் ஒன்றாக்கும்போது, கேட்கவேண்டிய வினா கேட்கப்படாமற் போகிறது.

புவியியலார்க்கு இச்சொல் இன்றியமையாதது எனச் சிலர் கூறலாம். உண்மை; கரையமைப்பை வகைப்படுத்த அது வேண்டும். ‘இயற்கைத் துறைமுகம்’ என்னுந் தொடரைக் கைவிடுமாறு யாம் கூறவில்லை. அது ‘எத்தகையது?’ என்னும் வினாவுக்கு விடையாகலாம், ‘ஏன் இவ்வாறாயிற்று?’ என்னும் வினாவுக்கு விடையாகலாகாது. படைகள் வந்ததும் கோயில் இடிந்ததும் குடாவின் ஆழத்தால் விளைந்த இயற்கை நிகழ்வுகள் என எண்ணப் பழகினால், இனி வருவனவற்றையும் அவ்வாறே ஏற்போம். அடுத்த முறை இத்தொடரை எழுதும் மாணவர், அதன்பின் ஓர் ஆக்கச்சொல்லையும் அதன் காரணத்தையும் சேர்த்தெழுதுவாராக.