பவளத் தொட்டியும் ஒரு பக்க அட்டவணையும்

கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க ஆரம்பிக்கிற எல்லார் கையிலும் முதலில் வந்து சேர்வது ஒரு அட்டவணை. உப்பு 35, கால்சியம் 380–450, மக்னீசியம் 1250–1350, ஆல்கலினிட்டி 7–11, பிஎச் 8.1–8.4, அப்புறம் நைட்ரேட், பாஸ்பேட். ஆளுக்கு ஆள் எண்கள் கொஞ்சம் மாறும், அட்டவணையின் அமைப்பு மாறாது. நானும் அதைப் பிரிண்ட் எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு விமர்சனம்தான் இது.

முதலில் நியாயமாகப் பேசிவிடலாம். எண்கள் தப்பில்லை. இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 410–420 மி.கி. கால்சியமும், சுமார் 1290 மி.கி. மக்னீசியமும் இருக்கும். ஆல்கலினிட்டி 7 டிகேஎச்சுக்குக் கொஞ்சம் கீழே. அட்டவணை அதை ஒட்டித்தான் நிற்கிறது. என் புகார் வேறு: இவை ஏழு தனித்தனி வரிகள், ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தால் தொட்டி நலம் என்று அது நம்மை நம்பவைக்கிறது. இரண்டுமே உண்மையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்குக் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் ஒரு நிலையான விகிதத்தில் எடுத்துக்கொள்கிறது. ஆல்கலினிட்டி என்று நாம் அளப்பது பெரும்பாலும் இந்தப் பைகார்பனேட், கார்பனேட் கையிருப்பைத்தான். ஆல்கலினிட்டி 1 டிகேஎச் குறைந்தால், கூடவே கால்சியம் லிட்டருக்குச் சுமார் 7 மி.கி. குறையும்.

இப்போ ஒரு தொட்டி தினமும் 0.4 டிகேஎச் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பசி ஒன்றும் இல்லை. ஒரு வாரம் எதுவும் சேர்க்காமல் விட்டால் ஆல்கலினிட்டி 8.4-லிருந்து 5.6-க்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு காலி. அதே வாரத்தில் கால்சியம் 420-லிருந்து 400-க்குத்தான் வரும். சொட்டு எண்ணும் சில கிட்டுகளில் ஒரு சொட்டே 20 மி.கி. ஆக ஒரு வாரச் சரிவும் அங்கே ஒரே ஒரு சொட்டு வித்தியாசம்! அட்டவணைப்படி 400 இன்னமும் நடு மையத்தில் இருக்கிறது. கால்சியத்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குகிறவர், பவளம் சுருங்கிய பிறகுதான் முழித்துக்கொள்வார்.

அடிக்கடி பார்க்க வேண்டியது ஆல்கலினிட்டி. கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். மக்னீசியம் மெதுவாகத்தான் மாறும், மாதம் ஒருமுறை போதும். அட்டவணையில் இதைச் சொல்ல ஒரு நெடுவரிசை கூட இல்லை.

இரண்டாவது கோளாறு உப்பு. அது ஏழில் ஒரு வரி இல்லை, மற்ற வரிகளுக்கெல்லாம் அடித்தளம். உங்கள் ரிஃப்ராக்டோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது, 35 என்று நினைக்கிற தண்ணீர் உண்மையில் 31 என்றால், கால்சியம் 372, மக்னீசியம் 1140 என்கிற மாதிரி வரும். அட்டவணை "இரண்டும் குறைவு" என்கும். நீங்கள் இரண்டு பாட்டில் வாங்கி ஊற்றுவீர்கள். குறைவாக இருந்தது உப்பு மட்டும்தான். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் பார்த்தால் போதாது. 35 அளவுள்ள ஒப்பீட்டுத் திரவத்தில் பார்த்துச் சரிசெய்யுங்கள். மற்ற எதையும் அளக்கும் முன் இதை.

மூன்றாவது கோளாறுக்கு நான் விலை கொடுத்தேன். வட அமெரிக்கக் குளிர்காலம், வீட்டில் ஒரு ஜன்னல் திறப்பதில்லை. பிஎச் 7.8. சுவரில் 8.1 என்று இருக்கிறதே! பஃபர் பவுடர் போட்டேன். சாயங்காலம் ஏறியது, காலையில் பழையபடி இறங்கியது. மறுபடி போட்டேன். பத்து நாள் இப்படியே. பிஎச் அசையவில்லை, ஆனால் 8-இல் இருந்த ஆல்கலினிட்டி 12.5 ஆகிவிட்டது. மான்டிபோரா பவளத்தின் ஓரங்கள் வெளுத்தன, பிறகு மொத்தமாகப் போய்விட்டது. இரண்டு வருஷம் வளர்த்தது.

அதற்கப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர். ஏர் பம்ப் ஜன்னலுக்கு வெளியே, குழாய் உள்ளே. ஒரு மணி நேரம் வெளிக்காற்றை விட்டதும் பிஎச் நன்றாக ஏறியது. ஆக, குறை தண்ணீரில் இல்லை. மூடிய வீட்டில் நாங்கள் மூச்சுவிட்டுச் சேர்த்த கார்பன் டை ஆக்சைடில் இருந்தது. தேவைப்பட்டது பவுடர் இல்லை, வெளிக்காற்று. பிஎச் ஒரு விளைவு. அதைக் காரணம் மாதிரி ஒரு வரியில் எழுதி, பக்கத்தில் ஒரு எல்லையும் போட்டால், புதியவர் அதைத் திருகத்தான் பார்ப்பார்.

சரி, அப்போ என்னதான் பண்றது? மூன்று நாள் எதுவும் சேர்க்காமல், தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை அளந்து எழுதுங்கள். 8.4, 8.0, 7.6 என்று வந்தால் உங்கள் தொட்டியின் பசி நாளுக்கு 0.4. சொட்டுக்கு 1 டிகேஎச் காட்டும் கிட் என்றால் மாதிரித் தண்ணீரை இரட்டிப்பாக்குங்கள், சொட்டுக்கு 0.5 ஆகிவிடும். அப்போதும் துல்லியம் போதாது என்றால் ஒரு வாரம் விட்டு விட்டு அளந்து சராசரி எடுக்கலாம்.

150 லிட்டர் தொட்டிக்கு 0.4 டிகேஎச்சை ஈடுகட்ட நாளுக்குச் சுமார் 1.8 கிராம் சமையல் சோடா போதும். அதோடு போகிற கால்சியத்துக்கு, டைஹைட்ரேட் வகைக் கால்சியம் குளோரைடு சுமார் 1.6 கிராம். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, இடைவெளி விட்டு ஊற்றுங்கள். சேர்த்துக் கரைத்தால் கிண்ணத்திலேயே வெள்ளையாகப் படிந்துவிடும். பவளம் கொஞ்சமாக இருந்தால் இதுகூட வேண்டாம், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே ஈடாகிவிடும்.

எங்கள் வேலையில் ஒரு சர்வரின் டிஸ்க் 60 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றால் யாரும் பதறமாட்டோம். நேற்று 40 இருந்தது என்று தெரிந்தால் எழுந்து உட்காருவோம். எண்ணைவிட அது நகரும் வேகம் முக்கியம் என்று தினமும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற எனக்கே, தொட்டி முன்னால் நின்றபோது அது தோன்றவில்லை.

சுவரில் இப்போதும் ஒரு காகிதம் இருக்கிறது. அச்சடித்தது இல்லை. தேதி, நேரம், ஆல்கலினிட்டி என்று மூன்று நெடுவரிசை, பேனாவில் எழுதியது. எல்லைகள் எதுவும் அதில் எழுதவில்லை.