உருபும் வினையும் உணர்த்தும் இறைமை: தமிழ் விவிலியத் திருப்புதலின் வழிபாட்டு மொழி

கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என அறுதியிட்டது. இம்முடிபு இறையியல் நூல்களுக்குள் அடங்கிவிடுவதன்று. இயேசுவை நோக்கி மன்றாடலாமா, கடவுளுக்கு மட்டுமே உரிய வணக்கத்தை அவருக்குச் செலுத்தலாமா என்னும் நடைமுறை வினாக்களுக்கும் அது விடையாகிறது. குமாரன் படைக்கப்பட்டவராயின், அவரை வழிபடுவோர் படைப்பை வழிபடுவோரே ஆவர் என்று அத்தனாசியார் வாதிட்டார். வழிபாடு முந்தியது, வரையறை பிந்தியது. மொழிபெயர்ப்பாளர் இவ்வழக்கில் ஒதுங்கி நிற்க இயலாது. அவர் தேரும் வினைச்சொல்லும் வேற்றுமையுருபும் ஏதேனும் ஒரு பக்கம் சாயும். புராட்டஸ்தாந்துத் திருச்சபைகளில் இன்றும் வழங்கும் பழைய திருப்புதல் (பவர் குழுவினர், 1871) இந்நோக்கில் ஆராயத்தக்கது.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'புரொஸ்குனேயோ' என்னும் வினை, மேலோர்முன் தாழ விழுதலையும் கடவுளை வழிபடுதலையும் ஒருங்கே குறிக்கும். பழைய திருப்புதல் இதற்குக் குறைந்தது மூன்று வினைகளை ஆள்கிறது. உவமையில் வரும் ஊழியக்காரன் தன் அரசனை 'வணங்குகிறான்' (மத். 18:26). கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளும் (மத். 2:11) படகிலிருந்தோரும் (மத். 14:33) இயேசுவைப் 'பணிந்துகொள்கின்றனர்'. யோவான் நான்காம் அதிகாரத்தில் கடவுளுக்கு உரியதாக வருவது 'தொழுதுகொள்ளுதல்'.

'பணிந்துகொள்' என்னும் தேர்வு பாராட்டத்தக்கது. படகிலிருந்தோர் நிசேயாவை அறியாதவர்கள். பின்னெழுந்த வரையறையை அவர்கள் செயலில் ஏற்றுவது மூலத்திற்குப் பொருந்தாது. மேலும், கொர்நேலியு பேதுருவின் காலில் விழும் இடத்திலும் (அப். 10:25) இதே வினை வருகிறது. தானும் மனிதனே என்று பேதுரு அதை மறுக்கிறார்; இயேசு எங்கும் மறுப்பதில்லை. வினை ஒன்றாக இருப்பதாலேயே இவ்வேறுபாடு வாசகருக்குத் தெரிகிறது.

வெளிப்படுத்தின விசேஷத்தில் இச்சீர்மை தவறிவிடுகிறது. யோவான் தூதனை 'வணங்க' விழுகிறார், தூதனோ தேவனைத் 'தொழுதுகொள்' என்கிறான் (19:10, 22:8-9). மூலத்தில் இரண்டும் ஒரே வினை. எவ்வகை வணக்கம் என்பதன்று அங்கு எழும் வினா, யாருக்கு என்பதே. தமிழில் அது தரம் தாழ்ந்த வணக்கத்தை விட்டு உயர்ந்த வணக்கத்தைச் செய்யுமாறு கூறும் அறிவுரைபோல் ஆகிவிட்டது. எனினும் தூதர்கள் குமாரனுக்குச் செய்வதைத் 'தொழுதுகொள்ளுதல்' என்றே எபிரெயர் 1:6 பெயர்த்துள்ளது. குமாரன் எப்பக்கத்தவர் என்பதில் திருப்புதலாளருக்கு ஐயமில்லை.

இதனினும் பெரிய இழப்பு 1 கொரிந்தியர் 16:22இல் நேர்ந்துள்ளது. கிரேக்க மடலினிடையே பவுல் 'மாரநாதா' என்னும் அரமேயத் தொடரை அப்படியே விட்டுவைத்தார். 'மாரன் அதா' எனப் பிரித்தால் ஆண்டவர் வந்தார் என்னும் கூற்று. 'மாரநா தா' எனப் பிரித்தால் எங்கள் ஆண்டவரே வாரும் என்னும் விளி. பின்னதே பொருத்தமெனப் பலர் கொள்வர். அவ்வாறாயின், இயேசுவையே முன்னிலைப்படுத்திய மிகப் பழைய மன்றாட்டுகளுள் இது ஒன்று. அதுவும் ஒரே கடவுட்கொள்கையில் ஊறிய அரமேயம் பேசுவோர் நாவில் பிறந்தது. பழைய திருப்புதல் இதனை நிகழ்காலப் படர்க்கைக் கூற்றாக்கிவிட்டது. வேண்டுதல் செய்தியாகிவிட்டது. விவிலியத்தின் இறுதிப் பகுதியில் (வெளி. 22:20) விளியும் ஏவலும் சிதையாமல் நிற்பதை நோக்க, இங்கு ஒலிபெயர்ப்பாகவே விட்டிருத்தல் நலம்.

உருபுகளின் நிலை இன்னும் சுவையானது. சுமார் 375இல் பசிலியார் பரிசுத்த ஆவி பற்றி எழுதிய நூல், முன்னிடைச்சொற்கள் பற்றிய வழக்கிலிருந்தே பிறந்தது. குமாரன் 'வழியாக', ஆவியில், பிதாவுக்கு மகிமை என்பது ஒரு வாய்பாடு. குமாரன் 'உடன்', ஆவியுடன்கூட என்பது மற்றொன்று. பசிலியார் இரண்டையும் ஆண்டார், எதிர்ப்பும் பெற்றார். 'உடன்' என்பது குமாரனின் மேன்மையையும், 'வழியாக' என்பது அவரால் மனிதர் பெறும் நன்மையையும் சுட்டும் என்பது அவர் விளக்கம்.

பசிலியாரின் 'உடன்' தமிழில் அதே பணியைச் செய்யாது. ஒரே வினையில் இருவர் கூடும்போது ஒடு உருபு உயர்ந்தவரையே சாரும் என்பது தொல்காப்பிய நெறி: ஆசிரியரோடு மாணவர் வந்தனர். அந்நெறிப்படி, குமாரனோடு பிதாவுக்கு மகிமை என்றால் குமாரனே உயர்ந்தவராகிவிடுவார்! குழந்தையோடு தாய் வந்தாள் என வழங்கும் இக்காலத் தமிழில் அந்நெறி தளர்ந்துள்ளதாயினும், ஏற்றத்தாழ்வின் சாயல் முற்றும் அகலவில்லை. தமிழ் வழிபாட்டு மரபு வேறு வழியை நாடி, பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் என நான்காம் வேற்றுமையோடு எண்ணும்மையை அடுக்கியது. ஒரே உருபும் ஒரே இடைச்சொல்லும் மூவர்க்கும் ஒப்ப அமைவதால், கிரேக்கத்தில் நீண்ட வாதத்தை வேண்டிய சமநிலை தமிழில் இலக்கண அமைதியாகவே கிடைத்துவிடுகிறது.

'வழியாக' என்பதற்குப் பழைய திருப்புதல் யோவான் 1:3இல் ஆண்ட சொல் 'மூலமாய்'. மூலம் என்பது கருவியையும் குறிக்கும்; வேரையும் முதலையும் குறிக்கும். படைப்பில் குமாரனின் பங்கைக் கூறுமிடத்து இவ்விருபொருண்மை கிரேக்கச் சொல்லுக்கு இல்லாத வளம். ஆயினும் தபால் மூலமாக, தரகர் மூலமாக என்னும் வழக்குகள் பெருகிய இக்காலத்தில், மன்றாட்டின் முடிவில் அச்சொல்லைக் கேட்போருக்கு முதல் என்னும் பொருள் தோன்றுவது அரிது.