ஹைட்ராஞ்சியாவுக்குக் கவாத்து

ஊட்டி வீட்டு வாசல்களில் கொத்துக் கொத்தாய் நீலம் பூக்கும் ஹைட்ராஞ்சியாவைக் கவாத்து செய்வது நிதானம் கேட்கும் வேலை. தேயிலையை மட்டமாக வெட்டிப் பழகிய கைக்கு இதையும் அப்படியே வெட்டத் தோன்றும். கூடாது. இந்த வகை பழைய தண்டில்தான் பூக்கும். வரும் ஆண்டின் மொட்டு முன்கூட்டியே நுனிக் கணுக்களில் உருவாகிவிடும். ஜோடி ஜோடியாகப் புடைத்து நிற்கும் அந்த மொட்டுகளைக் கண்டுகொள்வதில்தான் இந்த வேலையின் அழகே இருக்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனி ஓயும்வரை வாடிய பூங்கொத்தை விட்டுவைத்தால், கீழுள்ள மொட்டுக்கு அது குடையாகும். பிறகு, பருத்த முதல் ஜோடிக்குச் சற்று மேலே ஒரே வெட்டு. மிக முதிர்ந்த தண்டு ஒன்றிரண்டை மட்டும் அடியோடு எடுக்கலாம். மொட்டையடித்தால் அந்த ஆண்டு பெரும்பாலும் இலைதான் மிஞ்சும். கத்தரியை எடுக்கும்முன் கணுக்களைப் பாருங்கள்.